திருகோணமலையில் காரின் வழக்கமான பராமரிப்புச் செலவும் புதிய டயர் தெரிவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த இடைவெளியில் நம்மில் பெரும்பாலானோர் கையிலிருந்த காரையே பேணிக் காக்க வேண்டியதாயிற்று. ஆகையால் திருகோணமலை, கிண்ணியா, மூதூர், கந்தளாய் வீதிகளில் இன்று ஓடும் கார்களில் பலவும் பத்து ஆண்டைக் கடந்தவை. அத்தகைய கார் வைத்திருப்போர் மீண்டும் மீண்டும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே தரப்படுகின்றன.

ஒரு காருக்கு ஆண்டொன்றுக்குப் பராமரிப்புக்காக எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும்?

எல்லாக் காருக்கும் பொருந்தும் ஒரு தொகையைச் சொல்பவரை நம்ப வேண்டாம். செலவை மூன்றாகப் பிரித்துப் பார்த்தால் உங்கள் காருக்கான தொகையை நீங்களே கணித்துவிடலாம். முதலாவது, ஓடிய தூரத்தோடு வருவது: எஞ்சின் ஒயில், ஒயில் பில்ற்றர், பிறேக் பட்டைகள். இரண்டாவது, கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் காலத்தோடு வருவது: பற்றரி, பிறேக் திரவம், குளிர்விப்புத் திரவம், றப்பர்ப் பாகங்கள், ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை, காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம். மூன்றாவது, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே அடியாக வருவது: நான்கு டயர்கள், அதிர்வுதாங்கிகள், ஹைபிரிட் கார் என்றால் அதன் பெரிய பற்றரி.

வீட்டுக் கணக்கைக் குலைப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையே. நான்கு டயரின் இன்றைய விலையை, அவை உழைக்கும் என்று நீங்கள் எதிர்பார்க்கும் மாதங்களால் வகுத்து, அந்தத் தொகையை மாதந்தோறும் தனியே வையுங்கள். 2022 மார்ச்சுக்குப் பிறகு ரூபாயின் பெறுமதி சரிந்ததும், 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாக உயர்ந்ததும் இறக்குமதி உதிரிப்பாகங்களின் விலையில் நேரடியாக ஏறின. பழைய பற்றுச்சீட்டில் உள்ள விலையை வைத்து அடுத்த ஆண்டைத் திட்டமிட்டால் கணக்குப் பிழைத்துவிடும்.

சேவிஸ் 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறையா, 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறையா?

அது ஊற்றும் ஒயிலையும் நீங்கள் ஓடும் முறையையும் பொறுத்தது. சாதாரண கனிம ஒயிலுக்கு 5,000 கிலோமீற்றர் என்பது பாதுகாப்பான எல்லை. முழுச் செயற்கை ஒயிலுக்குப் பல தயாரிப்பாளர்கள் 10,000 வரை இடங்கொடுக்கிறார்கள். ஆனால் அந்த எல்லை இலகுவான ஓட்டத்துக்கு உரியது. உவர்மலையிலிருந்து பாடசாலைக்கும், அங்கிருந்து சந்தைக்கும், மாலையில் உப்புவெளிக்கும் என்று ஒரு நாளில் பலமுறை இயக்கி நிறுத்தப்படும் காரில் எஞ்சின் முழுச் சூட்டை அடையும் முன்னரே நின்றுவிடுகிறது. ஒயிலில் சேரும் ஈரமும் எரியாத பெற்றோலும் ஆவியாகிப் போக வாய்ப்பில்லை. தயாரிப்பாளர்களின் கையேடுகளில் இதுவும் கடினமான பாவனை என்றே குறிக்கப்படுகிறது. அத்தகைய காருக்குச் செயற்கை ஒயில் என்றாலும் 7,000 கிலோமீற்றரையோ ஆறேழு மாதங்களையோ தாண்டவிடாதிருப்பது நல்லது என்பது எனது கருத்து.

ஒயிலின் தடிப்பைக் கையேட்டில் உள்ளபடியே கேட்டு வாங்குங்கள். 0டபிள்யூ-20 என்று குறித்த எஞ்சினுக்கு, நமது ஊரின் வெயிலுக்குத் தடித்ததே நல்லது என்று சொல்லி 20டபிள்யூ-50 ஊற்றுவது எரிபொருளை வீணாக்குவதோடு, நுண்ணிய வழிகளில் ஒயில் நேரத்துக்குச் சென்றடைவதையும் தாமதப்படுத்தும். போத்தல் முத்திரையுடன் உங்கள் முன்னிலையில் திறக்கப்பட வேண்டும். அதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முகவர் நிலையத்துக்குக் கொடுப்பதா, ஊரிலுள்ள கராஜுக்குக் கொடுப்பதா?

ஒயில், பில்ற்றர், பிறேக் பட்டை, டயர்களை முன்பின் மாற்றுதல் ஆகியவற்றுக்கு ஊரில் நம்பிக்கையான பாஸ் (கார் திருத்துநர்) ஒருவர் இருந்தால் போதும். ஹைபிரிட் தொகுதி, தன்னியக்கக் கியர், காற்றுப்பை போன்றவற்றில் கோளாறு வந்தால் அந்த வகைக் காருக்குரிய கணினிப் பரிசோதனைக் கருவி உள்ள இடத்துக்கே செல்ல வேண்டும். எங்கு சென்றாலும் கூலியையும் பாகங்களின் விலையையும் தனித்தனியே எழுதிய பற்றுச்சீட்டையும், கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டுப் பெறுங்கள்.

கடற்காற்று காரை எவ்வாறு பாதிக்கிறது? அதற்குத் தனியாகச் செலவு செய்ய வேண்டுமா?

பாதிக்கிறது, அதைத் தடுக்கும் செலவு சிறியது, தடுக்காவிட்டால் வரும் செலவு பெரியது. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த நகரப்பகுதியிலும், நிலாவெளி, குச்சவெளிக் கரையோரத்திலும் இரவு முழுவதும் வெளியில் நிற்கும் காரின் மீது உப்பு ஈரம் படிகிறது. கண்ணுக்குத் தெரியும் மேற்பூச்சை விட, கண்ணுக்குத் தெரியாத அடிப்பகுதியே முதலில் கெடுகிறது: புகைக்குழாயின் இணைப்புகள், பிறேக் குழாய்கள், அதிர்வுதாங்கியின் அடித்தட்டு, பற்றரி முனைகள். கிழமைக்கு ஒருமுறை அடிப்பகுதியை நன்னீரால் கழுவுவதும், சேவிஸின்போது துருத்தடுப்புப் பூச்சைச் சரிபார்ப்பதும், பற்றரி முனைகளைத் துடைத்துக் கிறீஸ் பூசுவதும் போதுமானவை. மணலில் இறக்கி நிறுத்திய காரை அன்றைய தினமே கழுவிவிட வேண்டும்.

இங்கே தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர்ப்பானது. அந்தத் தண்ணீரால் காரைக் கழுவினால் உப்பை நாமே கொண்டுபோய்ப் பூசியதாகிவிடும். அதைவிடக் கேடானது, குறைந்துபோன றேடியேற்றரில் அதே கிணற்றுத் தண்ணீரை ஊற்றுவது. அலுமினியத்தாலான நுண்குழாய்கள் உள்ளிருந்தே அரிக்கப்பட்டு, உப்புப் படிவால் அடைபட்டு, கோடையில் ஒரு நாள் எஞ்சின் கொதித்து நிற்கும். எஞ்சினின் தலைப்பகுதி வளைந்தால் வரும் செலவு பல ஆண்டுச் சேவிஸ் செலவுக்குச் சமம். கலந்து தயாரித்த குளிர்விப்புத் திரவத்தையே ஊற்றுங்கள். அவசரத்துக்கு வடித்த நீரைப் பயன்படுத்துங்கள். ஒன்றுமே இல்லாத இடத்தில் குடிநீர்ப் போத்தலை ஊற்றி வீடு வந்து சேர்ந்தால், உடனடியாகத் தொகுதியை வெறுமையாக்கிப் புதிதாக நிரப்புங்கள்.

சேவிஸின்போது பெரும்பாலும் விடுபட்டுப்போகும் வேலைகள் எவை?

பிறேக் திரவம் முதலாவது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டிஓடி 4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியசில் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பெரிய செலவன்று. அடுத்தது தன்னியக்கக் கியர்த் திரவம். வகன் ஆர், விட்ஸ் போன்ற ஜப்பானியக் கார்களில் உள்ள சிவிரி எனப்படும் படிகளற்ற தன்னியக்கக் கியர்ப்பெட்டிக்கு அதற்கென்றே குறித்த திரவத்தைத்தான் ஊற்ற வேண்டும். ஏறக்குறைய 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது இந்தச் சூட்டுக்கு ஏற்றது.

பிறியஸ், அக்குவா வைத்திருப்போர் பின் ஆசனத்தின் பக்கத்திலோ அடியிலோ உள்ள காற்றுத் துவாரத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஹைபிரிட் பற்றரியைக் குளிர்விக்கும் விசிறி அதன் வழியாகவே காற்றை இழுக்கிறது. தூசியும் துணிநூலும் அடைத்து, மேலே பைகளும் குவிக்கப்பட்டிருந்தால் பற்றரி வெந்து அதன் ஆயுள் குறையும். துவாரத்தைத் துப்புரவாக்குவதற்குச் சில நிமிடங்களே தேவை. பற்றரியை மாற்றுவதற்கான தொகையோ பல குடும்பங்களால் தாங்க முடியாதது. இதை எந்தக் கராஜும் தானாகச் செய்துவிடும் என்று எண்ணியிருக்காதீர்கள்.

சாதாரண பற்றரி எத்தனை ஆண்டு உழைக்கும்?

இந்த வெப்பத்தில் இரண்டு முதல் நான்கு ஆண்டு. இரண்டு ஆண்டு கடந்ததும் சேவிஸ் தோறும் சுமைப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள்.

டயரை எப்போது மாற்ற வேண்டும்? தேயவே இல்லையே, பிறகு ஏன் மாற்றுவது?

இதுவே நமது ஊரில் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் விடயம். டயருக்கு இரண்டு முடிவுகள் உண்டு: ஒன்று தேய்வு, மற்றது வயது. தேய்வை அறிவது இலகு. டயரின் பள்ளங்களுக்குள் குறுக்காக 1.6 மில்லிமீற்றர் உயரத்தில் சிறு மேடுகள் உள்ளன. மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் டயர் முடிந்துவிட்டது. ஆனால் நகருக்குள்ளேயே ஓடி, ஆண்டுக்கு ஆறேழாயிரம் கிலோமீற்றர் மட்டும் கடக்கும் காரின் டயர் அந்த மேட்டை அடைய நெடுங்காலம் எடுக்கும். அதற்குள் வெயிலும் வெப்பமும் றப்பரிலுள்ள எண்ணெய்ப் பசையை வற்றச் செய்து அதை இறுக்கமாக்கிவிடுகின்றன. பார்வைக்குப் பள்ளம் ஆழமாக இருக்கும். பிறேக் பிடித்தால் டயர் வழுக்கும். பக்கச்சுவரில் மயிரிழைபோன்ற வெடிப்புகள் தோன்றும். கோடையில் நூறு கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது மேற்படை கழன்று பறப்பதும் இத்தகைய டயரில்தான்.

டயர்த் தயாரிப்பாளர்கள் பலர், ஐந்து ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்றும் பத்து ஆண்டுக்கு மேல் எவ்வகையிலும் பாவிக்கக்கூடாது என்றும் சொல்கிறார்கள். கார்த் தயாரிப்பாளர்கள் சிலர் ஆறு ஆண்டையே எல்லையாக வைக்கிறார்கள். கச்சான்காற்று வீசும் மாதங்களில் வெப்பநிலை 35 பாகையைத் தாண்டுவது வழக்கமான திருகோணமலையில் ஆறு ஆண்டையே எல்லையாகக் கொள்ளும்படி உறுதியாகச் சொல்வேன். பக்கச்சுவரில் புடைப்பு இருந்தால் வயதையும் தேய்வையும் பார்க்க வேண்டியதில்லை. உள்ளிழைகள் அறுந்துவிட்டன, அன்றே மாற்ற வேண்டும்.

டயரின் வயதை எப்படி அறிவது?

பக்கச்சுவரில் டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 3525 என்றிருந்தால் அது 2025ஆம் ஆண்டின் 35ஆவது கிழமையில் தயாரானது. ஒரு பக்கத்தில் நான்கு இலக்கங்கள் தெரியாவிட்டால் மறுபக்கத்தில் இருக்கும். கடையில் விலை பேசும் முன்னர் நான்கு டயரிலும் இதை வாசித்துவிட வேண்டும். முறையாகக் களஞ்சியப்படுத்தப்பட்ட ஓராண்டுப் பழைய டயரில் குறையில்லை. இரண்டு ஆண்டைத் தாண்டியதை நான் வாங்கமாட்டேன். ஆறு ஆண்டு ஆயுளில் மூன்றில் ஒரு பங்குக்கு நீங்கள் வீணாகப் பணம் கொடுக்கிறீர்கள்.

165/70 ஆர் 14 81எஸ் என்று எழுதியிருப்பதன் பொருள் என்ன? சற்று அகலமான டயர் போடலாமா?

165 என்பது மில்லிமீற்றரில் அகலம். 70 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. ஆர் என்பது ரேடியல் அமைப்பு, 14 என்பது சில்லின் விட்டம் அங்குலத்தில். 81 பாரச் சுட்டெண். அது ஒரு டயர் 462 கிலோகிராம் தாங்கும் என்று காட்டுகிறது. எஸ் என்பது மணிக்கு 180 கிலோமீற்றர் என்ற வேக எல்லை.

அளவை மாற்றுவதாயின் மொத்த விட்டம் மாறாதிருக்க வேண்டும். மேற்சொன்ன டயரின் விட்டம் ஏறக்குறைய 587 மில்லிமீற்றர். 175/65 ஆர் 14 இன் விட்டம் 583. வேறுபாடு ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்பதால் வேகமானி பிழைக்காது. எனினும் அகலம் கூடினால் எரிபொருள் செலவும் சற்றுக் கூடும், மழைநீரில் மிதக்கும் போக்கும் கூடும். சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டியில் குறித்த அளவையே போடுவது சிறந்தது. வேக எழுத்து நமது வீதிகளுக்குப் பெரிதாகத் தேவைப்படாது என்று எண்ணி அதைக் குறைக்க வேண்டாம். அது டயர் வெப்பத்தைத் தாங்கும் வலிமையோடு தொடர்புடையது. பாரச் சுட்டெண்ணை எக்காரணம் கொண்டும் குறைக்கக்கூடாது. பெருநாளுக்கும் திருவிழாவுக்கும் குடும்பத்தோடும் பொதிகளோடும் காரை நிறைத்துப் பயணிக்கும் நமக்கு அது வெறும் இலக்கமன்று.

விலை குறைந்த டயரா, விலை கூடிய டயரா எது இலாபம்?

ஒரு கணக்கைப் பார்ப்போம். விலைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. 16,000 ரூபாய் டயர் 30,000 கிலோமீற்றர் உழைக்கும், 24,000 ரூபாய் டயர் 50,000 கிலோமீற்றர் உழைக்கும் என்று கொள்வோம். கிலோமீற்றருக்கு முதலாவது 53 சதம், இரண்டாவது 48 சதம். வாடகைக் கார் ஓட்டுபவருக்கு இரண்டாவதே இலாபம். ஆனால் ஆண்டுக்கு 7,000 கிலோமீற்றர் மட்டும் ஓடுபவருக்கு ஆறு ஆண்டில் 42,000 கிலோமீற்றரே கிடைக்கும். இரண்டாவது டயரின் செலவு கிலோமீற்றருக்கு 57 சதமாகிவிடுகிறது. அவர் நீண்ட உழைப்புக்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. அந்தப் பணத்தை ஈர வீதியில் பிடிப்பு நன்றாக உள்ள டயருக்குக் கொடுக்க வேண்டும்.

பக்கச்சுவரில் ரெட்வெயார் என்று எழுதியுள்ள இலக்கம் உழைப்பையும், அதையடுத்து வரும் எழுத்துகள் ஈரப்பிடிப்பையும் வெப்பம் தாங்குதலையும் காட்டும். வெப்பத்துக்கு ஏ எழுத்துள்ளதைத் தேடுங்கள். உழைப்பு இலக்கத்தை ஒரே தயாரிப்பாளரின் இரண்டு டயர்களை ஒப்பிட மட்டும் பயன்படுத்துவது நல்லது. உள்நாட்டில் களனியில் தயாராகும் சியட் டயர்களும், ஜப்பான், தாய்லாந்து, இந்தோனேசியா, இந்தியா, சீனா ஆகிய நாடுகளிலிருந்து வருபவையும் கடைகளில் உள்ளன. நாட்டின் பெயரை மட்டும் வைத்துத் தீர்மானிப்பதை விட, அளவு, பாரச் சுட்டெண், தயாரித்த கிழமை, உத்தரவாதத்தை யார் எங்கே ஏற்பார் என்பவற்றை வைத்துத் தீர்மானிப்பது அறிவுடைமை.

ஆண்டில் எந்த மாதம் டயர் மாற்றுவது நல்லது?

செப்டம்பர். நமக்குப் பெருமழை ஒக்டோபரில் தொடங்கி, நவம்பரிலும் டிசம்பரிலும் உச்சமடைகிறது. பள்ளத்தின் ஆழம் 3 மில்லிமீற்றருக்குக் கீழே வந்ததும் நீரை வெளியேற்றும் திறன் வேகமாகக் குறைகிறது. சட்டென்று வழுவழுப்பான காப்பெற் வீதியில் தேங்கிய நீரின்மேல் டயர் ஏறிவிட்டால் சுக்கானும் பிறேக்கும் பயன்படாது. 1.6 மில்லிமீற்றர் மேட்டுக்குச் சற்று மேலே நிற்கும் டயரோடு மாரிக்குள் நுழைவது உயிரோடு விளையாடுவதாகும்.

இரண்டு டயர் மட்டும் வாங்க முடிந்தால் அவற்றை எங்கே போடுவது?

பின்னால். முன்சில்லு இழுக்கும் காரிலும் பின்னால்தான். முன்டயர் வழுக்கினால் கார் நேரே செல்லும். வேகத்தைக் குறைத்து மீட்கலாம். பின்டயர் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். சாதாரண சாரதியால் அதை மீட்க முடியாது. ஓர் அச்சில் உள்ள இரண்டு டயரும் ஒரே வகையாக இருக்க வேண்டும். 8,000 முதல் 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை முன்பின் மாற்றி வந்தால் நான்கும் ஒன்றாகத் தேயும். புதிய டயர் போடும்போது பலன்சிங்கும் (சில்லின் எடையைச் சமப்படுத்தல்) வீல் அலைன்மென்ரும் (சில்லுகளின் கோணத்தைச் சீராக்கல்) செய்யாமல் விடுவது கொடுத்த பணத்தைத் தேய்த்து வீசுவதே.

பாவித்த டயர், ரீபில்ட் டயர் வாங்கலாமா?

தேய்ந்த டயருக்குப் புதிய மேற்படை ஒட்டும் ரீபில்ட் முறை லொறிகளுக்கும் பேருந்துகளுக்கும் முறையாகச் செய்யப்பட்டால் ஏற்றது. குடும்பக் காருக்கு வேண்டாம். பாவித்த டயரில் உள்ளிழை முன்னர் எங்கே அடிபட்டது என்பதை வெளியே பார்த்து அறிய முடியாது. தேய்ந்த பள்ளத்தைச் சூட்டுக்கத்தியால் வெட்டி ஆழமாக்கிய கார் டயரை விற்பவரிடமிருந்து விலகுங்கள்.

காற்று எவ்வளவு அடிப்பது? நைதரசன் அவசியமா?

கதவருகே உள்ள ஒட்டியில் எழுதிய அளவை, கார் சில மணி நேரம் நின்று டயர் ஆறியிருக்கும்போது அடிக்க வேண்டும். வெப்பநிலை 10 பாகை கூடினால் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். கார்த் தயாரிப்பாளர்கள் அதைக் கணக்கில் எடுத்தே அளவைக் குறித்துள்ளனர். வெயில் என்பதற்காகக் காற்றைக் குறைப்பது ஆபத்தானது. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் கூடுதலாக மடங்கி, கூடுதலாகச் சூடேறும். சாதாரண காற்றிலேயே 78 சதவீதம் நைதரசன் உள்ளது. இரு கிழமைக்கு ஒருமுறை அளந்து பார்ப்பவருக்கு அதற்காகப் பணம் கொடுக்க வேண்டிய தேவை இல்லை.

கொழும்புப் பயணத்துக்கு முன் டயரில் எதைப் பார்க்க வேண்டும்?

கந்தளாயிலிருந்து ஹபரணை வரையான வீதியில் காட்டு யானைகளின் நடமாட்டம் உண்டு. அங்கே இரவில் டயர் போய் இறங்கி நிற்பதைவிட ஆபத்தான நிலை குறைவு. ஆகவே மேலதிகச் சில்லின் காற்றையும் வயதையும், ஜக்கையும், நட்டுக் கழற்றும் சாவியையும் வீட்டில் வைத்தே பாருங்கள். ஜப்பானிலிருந்து வந்த பல சிறிய கார்களில் மேலதிகச் சில்லே இல்லை. அதற்குப் பதிலாக அடைப்புத் திரவப் போத்தலும் சிறிய காற்றடிப்பானும் மட்டுமே உள்ளன. அந்தப் போத்தலில் காலாவதித் திகதி அச்சிடப்பட்டிருக்கும். பத்தாண்டுப் பழைய காரில் அது பல ஆண்டுகளுக்கு முன்னரே கடந்திருக்கும். புதிய போத்தல் வாங்குங்கள், இடமிருந்தால் ஒரு சில்லே வாங்கி வையுங்கள்.

ஆணி குத்திய துளை மேற்பரப்பின் நடுவில், 6 மில்லிமீற்றருக்குள் இருந்தால், டயரைக் கழற்றி உட்பக்கத்திலிருந்து ஒட்டுப்போட்டுப் பாவிக்கலாம். பக்கச்சுவரில் குத்தியதை ஒட்டக்கூடாது. காற்றில்லாமல் சிறிது தூரம் ஓடிய டயரின் உட்புறத்தில் கறுப்புத் தூள் உதிர்ந்திருந்தால் அதையும் கழித்துவிட வேண்டும்.

டயரைத் திருகோணமலையில் வாங்குவதா, கொழும்பில் வாங்குவதா?

கொழும்பில் சற்று மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் அங்கு சென்று திரும்ப 500 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். டயருக்காக மட்டும் சென்றால் மிச்சம் முழுவதும் பெற்றோலில் போய்விடும். வேறு காரியமாகச் செல்வதாயின் அங்கே வாங்குவதில் தவறில்லை. எனினும் புடைப்பு எழுந்தாலோ பலன்சிங் மீண்டும் தேவைப்பட்டாலோ ஊர்க்கடைக்காரரிடம் மறுநாளே போய் நிற்கலாம். விலையைத் தொலைபேசியில் கேட்கும்போது அளவையும் பாரச் சுட்டெண்ணையும் சொல்லி, தயாரித்த கிழமையையும், பொருத்துதல், வால்வு, பலன்சிங் ஆகியன விலைக்குள் அடங்குமா என்பதையும் கேளுங்கள். பற்றுச்சீட்டில் நான்கு டயரின் டிஓடி இலக்கங்களையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.